வரிசையைக் கலைக்கும் உரிமை

குழந்தைகள் ஓ.பி.யில் டாக்டர் ஒரு குழந்தையைப் பார்க்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காகக் குழந்தை ஒரு மணி நேரம், கூட்டம் அதிகமான நாளில் இரண்டு மணி நேரம், எங்கள் பெஞ்சில் அம்மா மடியில் கிடக்கும். அந்த நேரம் முழுக்க அது யாருடைய பொறுப்பு? டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. நர்ஸ் உள்ளே டாக்டருக்கு உதவியாக நிற்கிறார். டோக்கன் கொடுப்பவர் பெயரையும் வயதையும் எழுதியதோடு சரி. ஆஸ்பத்திரி வாசலுக்குள் வந்துவிட்டோம் என்ற தெம்பில், ராத்திரி முழுக்கக் கண் விழித்த அம்மாவும் கொஞ்சம் அசந்துவிடுகிறாள். குழந்தைக்கு முடியாமல் போவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

இன்சார்ஜ் சிஸ்டராக இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், அந்த பெஞ்சுக்கு ஒரு பொறுப்பாளியை உண்டாக்கினேன் என்றுதான் சொல்வேன். டூட்டி லிஸ்ட் போட்டது, மருந்து ஸ்டாக் எடுத்தது, லீவு சண்டைகளைத் தீர்த்தது எல்லாம் அதைச் சுற்றி வந்த வேலைகள்.

எங்களுடையது திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நடுத்தர ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்குத் தனி ஓ.பி., அதை ஒட்டித் தடுப்பூசி அறை, எடை பார்க்கும் மேஜை, மருந்துக் கவுண்டர். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு, எடை ஏறவில்லை என்ற கவலை என்று ஒரு பிள்ளைக்கு முதல் ஐந்து வயதில் வருகிற பெரும்பாலான விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடும். இந்த ஓ.பி.க்கு வருவதற்கு முன் நான் பச்சிளங்குழந்தைகளுக்கான ஐ.சி.யூ.வில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மானிட்டர் உண்டு. ஆக்சிஜன் அளவு இறங்கினால் மெஷின் கத்தும், நாங்கள் ஓடுவோம். ஓ.பி.க்கு இன்சார்ஜாகப் போகச் சொன்னபோது எனக்கு இஷ்டமே இல்லை. ஓ.பி. நர்ஸ் என்றால் சீட்டு எடுத்துக் கொடுப்பவர், பேர் சொல்லிக் கூப்பிடுபவர் என்றுதான் எங்களுக்குள்ளேயே பேச்சு. நுணுக்கமான வேலையெல்லாம் கையை விட்டுப் போய்விடும் என்று வீட்டில் அழுதேன். நர்சிங் சூப்பிரண்டு மேடம் ஒன்றுதான் சொன்னார். "உள்ள இருக்கிற பிள்ளைக்கு மெஷின் காவல் இருக்கும்மா. வெளிய உக்காந்திருக்கிற பிள்ளைக்கு யாரு இருக்கா?"

பதவி உயர்வு என்று அதை எடுத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாளாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் முதல் நாளிலிருந்தே கூட வந்தது.

எங்கள் ஓ.பி.யில் யார் முன்னால், யார் பின்னால் என்பதை முடிவு செய்வது டவுன் பஸ். காலை முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் முதல் டோக்கன்களை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் தடுப்பூசிக்கோ மறுபடி காட்டவோ வருகிறவர்கள் அவர்கள், முன்கூட்டியே திட்டம் போட்டுக் கிளம்ப முடிந்தவர்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிற பெண்கள் விடியும் முன்பே வேலைக்குப் போயாக வேண்டும். பூ மார்க்கெட்டுக்குப் போன பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியும். வேடசந்தூர்ப் பக்கத்து மில்லில் வேலை பார்க்கிற அம்மா நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வருவாள். ராத்திரியெல்லாம் காய்ச்சலில் கிடந்த பிள்ளையை அப்பத்தா மடியில் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்திருப்பார். இவர்கள் வந்து சேரும்போது டோக்கன் எங்கேயோ போயிருக்கும். வேலையை விட்டுவிட்டு வர வழியில்லாதவர், கடைசி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வருகிறவர், இவர்களுடைய பிள்ளைதான் வரிசையின் வாலில் நிற்கும். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது பார்க்க நியாயமாக இருக்கும். ரேஷன் கடைக்கு அது சரி. முடியாத பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது அநியாயம்.

இதை எனக்குக் கண் முன்னால் காட்டியவர் எங்கள் ஓ.பி. ஆயாம்மா. மழைக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்று, கூட்டம் வராந்தா தாண்டி நிற்கிறது. நான் எடை மேஜையில் இருந்தேன். அவர் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். தூணோரமா ஒரு பச்சப்பிள்ள இருக்கு. அழுகவே மாட்டேங்குது. பாலுக்கு வாயே வைக்கல. தூங்குதுன்னு நெனச்சு அவுக அம்மா மூடி வச்சிருக்கு."

போய்த் துண்டை விலக்கினேன். இரண்டு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன். மூச்சு எழுபதைத் தாண்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கியது. உள்ளங்கால் ஜில்லென்று இருந்தது. அம்மாவின் கையில் இருந்த டோக்கனுக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர் போக வேண்டும். குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே டாக்டர் மேஜைக்குப் போனேன். ஆக்சிஜன் வைத்து, சர்க்கரை பார்த்து, முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் போட்டு மேலே அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆயாம்மாவிடம் கேட்டேன், சொல்வதற்கு ஏன் அவ்வளவு தயங்கினீர்கள் என்று. "நான் பெருக்குறவ. நான் போயி பிள்ளைக்கு முடியலன்னு சொன்னா, ஒனக்கென்ன தெரியும்னு கேப்பாகல்ல?" முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பெற்று வளர்த்தவர், ஒன்றைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். எங்கள் ஸ்டூடண்ட் நர்ஸ்களைவிட முடியாத பிள்ளைகளை அதிகம் பார்த்தவர். எங்கள் யார் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டது. பட்ட பிறகும் வாயைத் திறக்க அவருக்கு அவ்வளவு பயம். அந்தப் பயம்தான் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. மாப்பைச் சாய்த்துவிட்டு வர அவருக்கு மனம் துணியாமல் போயிருந்தால்?

அன்றிலிருந்து என் வேலை எனக்குத் தெளிவாகிவிட்டது. கண்ணில் பட்டதைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை வேண்டும். சொன்ன உடனே வரிசை கலைய வேண்டும்.

இதில் மருத்துவ ரகசியம் ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து உண்டாக்கிய ஐ.எம்.சி.ஐ. வழிமுறையில், இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்குப் பொதுவான அபாய அறிகுறிகள் என்று நான்கைச் சொல்கிறார்கள். பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போவது, குடித்ததை எல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, நினைவில்லாமலோ துவண்டோ கிடப்பது. மூச்சுக்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அது வேக மூச்சு. நம் நாட்டில் பச்சிளங்குழந்தைகளையும் சேர்த்து இதையே ஐ.எம்.என்.சி.ஐ. என்று நர்ஸ்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஸ்டெதஸ்கோப் வேண்டாம். செகண்ட் முள் உள்ள ஒரு கடிகாரமும், குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுசாகப் பார்க்கிற பொறுமையும் போதும். கிராமத்து அப்பத்தாக்கள் வந்து "நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது", "கண்ணு சொருகுது", "தொவண்டு கெடக்கு" என்று சொல்வதும் இந்தப் பாடத்தில் இருப்பதைத்தான். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவே.

எனக்கு ரொம்பத் தைரியம் கொடுத்தது ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு அனுபவம். பிளான்டயர் நகரத்து குயீன் எலிசபெத் சென்ட்ரல் ஆஸ்பத்திரியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு கிளினிக். எங்களைப் போலவே ஓ.பி.யும் தடுப்பூசியும் அவசரமும் எல்லாம் ஒரே இடத்தில், கூட்டமோ எங்களைவிடப் பல மடங்கு. 2001-இல் குழந்தை மருத்துவர் எலிசபெத் மொலினூவும் அவருடைய குழுவினரும் அந்த இடத்தின் அமைப்பை மாற்றினார்கள். வந்த உடனே ஒருவர் பார்த்து, உடனே கவனிக்க வேண்டியது, முந்திப் போக வேண்டியது, காத்திருக்கலாம் என்று மூன்றாகப் பிரிக்க ஏற்பாடு செய்தார்கள். எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு முன் உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 10 முதல் 18 சதவீதம் வரை இருந்தது. பிறகு 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கியது. புதிய மருந்து கண்டுபிடித்து வந்த மாற்றம் இல்லை இது. வாசலில் நடந்ததை மாற்றியதால் வந்தது. அதைப் படித்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களால் செய்ய முடிந்த காரியம் இது என்று அப்போதே தோன்றிவிட்டது.

முதலில் டோக்கன் கவுண்டருக்கு முன்னால் ஒரு மேஜை போட்டேன். நம்பர் பிறகு, குழந்தையைப் பார்ப்பது முதலில். எடை, காய்ச்சல், மூச்சு, பால் குடிக்கிறதா என்ற கேள்வி. அங்கே யாரை உட்கார வைப்பது என்பதில்தான் தகராறு. வழக்கமாக அந்த மாதிரி இடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணைத்தான் போடுவார்கள். நான் எங்களிடம் இருந்த மூத்த நர்ஸைப் போட்டேன், ரத்தக்குழாய் கிடைக்காத குழந்தைக்கும் ஒரே குத்தில் லைன் போடுகிறவர். "அவ்வளவு அனுபவசாலியைப் போயி வாசல்ல நிறுத்துறீங்களே" என்று டாக்டர்களே சொன்னார்கள். அவருக்கும் முதலில் மனத்தாங்கல். ஐ.சி.யூ.விலிருந்து இறங்கி வந்த என் கதையை அவரிடம் சொன்னேன். அதன் பிறகு அந்த மேஜையை அவர் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

மேஜையில் ஒரு பெல் வைத்தோம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் காரணமே கேட்காமல் முன்னால் போகும். மற்றபடி, சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் பெல்லை அடிக்கலாம். மதிய இடைவேளைகளில் ஆயாம்மாக்கள், செக்யூரிட்டி அண்ணன், டோக்கன் போடுகிற தம்பி, மருந்துக் கவுண்டர் பெண், ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற டிரைவர்கள் வரை எல்லோரையும் உட்கார வைத்து போனில் வீடியோ போட்டுக் காட்டினோம். நெஞ்சு உள்ளே இழுப்பது எப்படி இருக்கும், வலிப்பில் கண் எப்படி நிற்கும், தண்ணீர் வற்றிய குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளினால் எவ்வளவு மெதுவாகத் திரும்பும் என்று. செக்யூரிட்டி அண்ணன் முன்பு பட்டாளத்தில் இருந்தவர். "இத முன்னாடியே சொல்லியிருந்தா எத்தன பிள்ளையப் பாத்திருப்பேன் சிஸ்டர்" என்று வருத்தப்பட்டார்.

பெல் அடித்தவரிடம் "எதுக்கு அடிச்சே?" என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. ஒரு தடவை அந்த அண்ணன் அடித்தார். போய்ப் பார்த்தால் குழந்தை அயர்ந்து தூங்குகிறது, அவ்வளவுதான். சின்ன நர்ஸ் ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீ சுளிச்சது அவரு மனசுல நிக்கும். நாளைக்கு நெசமாவே ஒரு பிள்ளை துவண்டு கெடக்கும்போது அவரு ஒரு நிமிஷம் யோசிப்பாரு. அந்த ஒரு நிமிஷத்த நீ திருப்பித் தர முடியுமா?" என்றேன். அவள் போய் அவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

வரிசையில் நின்றவர்கள் சும்மா விடுவார்களா? காலையிலிருந்து காத்திருக்கிறவர் கோபப்படுவது நியாயம்தான், அவர் மடியிலும் காய்ச்சல் பிள்ளை. நாங்கள் கற்றுக்கொண்டது, ரகசியமாக உள்ளே கூட்டிப் போகக் கூடாது என்பதுதான். "இந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்குது, முதல்ல உள்ள போகுது, உங்க பிள்ளைக்கு இப்படி ஆனாலும் இதேதான் செய்வோம்" என்று எல்லோர் காதிலும் விழ நர்ஸ் உரக்கச் சொல்வார். தொண்ணூறைத் தாண்டிய ஓர் அம்மாச்சி ஒரு நாள் சத்தம் போட்ட தகப்பனைப் பார்த்து, "போகட்டும்யா. நாம நாளைக்கும் வருவோம், அது வருமா?" என்றார். கூட்டம் அடங்கிவிட்டது. என்னைக் கஷ்டப்படுத்தியது வேறு வரிசை. பெரிய இடத்துச் சிபாரிசோடு வியர்க்குருவுக்குப் பின்வாசல் வழியாக வருகிற பிள்ளைகள். கூட்டத்தில் நின்று வருகிறவர்களுக்கு முன்னால் அதை அனுமதித்தால் பெல்லுக்கு மதிப்பே இருக்காது. பின்வாசலைப் பூட்டச் சொன்னேன். நிர்வாகத்தில் அதற்காக எனக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமில்லை. இன்றும் பூட்டித்தான் இருக்கிறது.

டாக்டர்களிடம் குறுக்கிடுவது இன்னும் கடினம். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கோ அதற்குச் சற்று மேலோ செறிவானது. இரண்டும் ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வரும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால், பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். சிரப் என்றால் ஏறக்குறைய ஆறு மில்லி, சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. ஒரு நாள் கூட்ட நெரிசலில் ஒரு சீட்டில் சொட்டு மருந்தின் பெயருக்கு நேரே ஆறு மில்லி என்று எழுதியிருந்தது. வெளியே அம்மாவுக்கு மருந்து விளக்கிக்கொண்டிருந்த சின்ன நர்ஸ் சிரிஞ்சில் அளந்து காட்டப் போனவள் நின்றுவிட்டாள். பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு வேளைக்கு இவ்வளவா? திரும்ப உள்ளே போய், "சார், ஒரு நிமிஷம்" என்றாள். அடுத்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தார். அவள் நகரவில்லை. சீட்டை அவர் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, மூன்று நாள் அந்த மருந்து போயிருந்தால் குழந்தையின் கல்லீரல் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

ஓ.பி. முடிந்ததும் அவரிடம் போனேன். அவர் சொன்னது, அவளிடம் தான் பேசிய விதம் மனதை உறுத்துகிறது என்பதுதான். நல்ல மனிதர், நல்ல டாக்டர். நாள் முழுக்கத் தலை நிமிராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவருக்குக் குறுக்கீடு எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் இருவருமாக ஒரு வாக்கியத்தை முடிவு செய்தோம். "டாக்டர், எனக்குச் சந்தேகமா இருக்கு." இதை எந்த நர்ஸ் சொன்னாலும், மருந்துக் கவுண்டர் பெண் சொன்னாலும், டாக்டர் பேனாவை வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அவரே மற்ற டாக்டர்களிடம் பேசினார். சீட்டில் எடை எழுதாமல் மருந்து எழுதுவதில்லை, மில்லியோடு மில்லிகிராமும் எழுத வேண்டும் என்று வந்ததும் அதன் பிறகுதான்.

தடுப்பூசி ஃபிரிட்ஜ் விஷயத்தில் அப்படிக் குரல் கொடுத்தவர் ராத்திரி வாட்ச்மேன். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும், ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் சேர்த்து, அளவைக் குறிக்க வேண்டும். கரண்ட் போய்ச் சூடேறிவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். பெண்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டி.டி. இதெல்லாம் உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. உருகிய பிறகு பார்த்தால் பாட்டில் பழையபடியே இருக்கும். பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் வி.வி.எம். வட்டம் சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. ஒரு மார்கழி ராத்திரி வாட்ச்மேன் போன் செய்தார். "சிஸ்டர், மைனஸ் ஒண்ணுன்னு காட்டுது. குளுருதான், நல்லதுதானோன்னு நெனச்சேன். ஆனா நீங்க ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுலன்னு சொன்னீக." தெர்மோஸ்டாட் பழுது. மறுநாள் ஷேக் டெஸ்ட் செய்தோம். அதே பேட்ச் பாட்டில் ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக விட்டு, சந்தேகப்பட்ட பாட்டிலோடு சேர்த்துக் குலுக்கி மேஜையில் வைத்துப் பார்ப்பது. உறைந்ததில் வண்டல் சட்டென்று கீழே இறங்கும். சந்தேகப்பட்ட பாட்டில்களிலும் அப்படியே இறங்கியது. அத்தனையையும் ஒதுக்கி வைத்து எழுதிப் போட்டோம். வாட்ச்மேன் கேட்காமல் விட்டிருந்தால் அந்த வாரம் முழுக்க, பலன் தராத ஊசியைப் போட்டு அனுப்பியிருப்போம், கார்டில் எல்லாம் சரியாக டிக் ஆகியிருக்கும்.

தவணை தவறுகிற பிள்ளைகள் கணக்கிலும் இதே கதைதான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21-இல் தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் ஏறக்குறைய 89 சதவீதம் பேர் எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் போட்டவர்கள். மீதிப் பிள்ளைகள் எங்கே என்று ஒவ்வொரு மாதமும் லிஸ்டை வைத்து மண்டையை உடைத்துக்கொள்வோம். எங்கள் லிஸ்டில் 6 வாரமும் 10 வாரமும் வந்துவிட்டு 14 வாரத்துக்கு வராமல் போகிறவர்கள் அதிகம். ரெக்கார்டு ரூமில் சீட்டு அடுக்குகிற பெண், டீ சாப்பிடும் நேரத்தில் மெதுவாகச் சொன்னாள். "சிஸ்டர், வராம போறதெல்லாம் பெரும்பாலும் தலைப்பிரசவமா இருக்கு." எங்களில் யாருக்கும் தோன்றாதது அது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பார்த்துப் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போகிறாள். 14-ஆவது வாரம் சரியாக அந்த நேரத்தில் விழுகிறது. புது ஊர், புது ஆஸ்பத்திரி, தடுப்பூசி கார்டு அம்மாச்சி வீட்டுப் பீரோவில். அன்றிலிருந்து ஆறாவது வார ஊசியின்போதே கேட்கிறோம், எப்போ ஊருக்குக் கூட்டிப் போறாங்க, எந்த ஊரு, வீட்டுக்காரர் நம்பர் என்ன என்று. அந்த ஊருக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று எழுதிக் கொடுத்து, கார்டைப் பிள்ளையின் துணிப்பையிலேயே வைக்கச் சொல்கிறோம். புதன்கிழமை போனால் அங்கே இலவசமாகப் போடுவார்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். மாமியார் வீட்டுக்கும் ஒரு போன்.

பெற்றோருக்கும் இந்த உரிமை வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு செய்தி. இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021-இல் ஆஸ்பத்திரியில் செப்சிஸால் இறந்துபோனாள். மகளுக்கு மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது டாக்டர்கள் காதில் ஏறவில்லை. அவள் அம்மா மெரோப்பி மில்ஸ் விடாமல் போராடியதால், 2024 முதல் அந்த நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 'மார்த்தா விதி' வர ஆரம்பித்தது. நோயாளியோ குடும்பமோ சந்தேகப்பட்டால் வேறொரு குழுவை உடனே வரச் சொல்லிக் கேட்கலாம். அதைப் படித்த பிறகு எங்கள் பெல்லுக்கு நேர் மேலே ஒரு பலகை மாட்டினேன். "உங்கள் பிள்ளைக்கு முடியவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களே அடியுங்கள்." தடுப்பூசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்கிற பெஞ்சிலும் அதே பலகை. அம்மாக்கள் முதலில் தொடவே பயந்தார்கள். இப்போது அடிக்கிறார்கள். பெரும்பாலான நேரம் ஒன்றும் இருக்காது, நாங்கள் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு பாப்பா என்று சொல்லிவிட்டு வருவோம். எனக்கு அந்த நேரங்கள் பிடிக்கும்.

மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கும் வேலை எனக்கு நாளுக்கு நாள் குறைந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் ஒரு கிலோ எடையில் வந்த குழந்தை இரண்டு கிலோவாகி, உச்சி முகர்ந்து அம்மா கையில் கொடுத்து அனுப்புகிற சந்தோஷம் இந்த நாற்காலியில் இல்லை. இங்கே நாம் காப்பாற்றிய பிள்ளை எது என்றே தெரியாது. பெல் அடித்ததால் பிழைத்ததா, அடிக்காவிட்டாலும் பிழைத்திருக்குமா, யாரும் சொல்ல முடியாது. கூட வேலை பார்த்த தோழிகள் வெளிநாடு போய்விட்டார்கள். நிர்வாகத்துக்கு நான் நர்ஸ்களின் ஆள், நர்ஸ்களுக்கு நான் நிர்வாகத்தின் ஆள். இந்தத் தனிமையைப் பற்றி எனக்கு முன்னால் இருந்தவர் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது இன்சார்ஜாக வருகிற சின்னப் பெண்களிடம் முதல் வாரத்திலேயே நான் சொல்லிவிடுகிறேன்.

பெல் நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். என்ன நேரம், பிள்ளைக்கு என்ன வயது, என்ன பார்த்தார், பிறகு என்ன ஆயிற்று, அடித்தது யார். கடைசிக் கட்டத்தில் நர்ஸ்களின் பெயருக்குச் சமமாக ஆயாம்மாக்கள், செக்யூரிட்டிகள், அம்மாக்கள் என்று இருக்கும். இப்போது துப்புரவும் காவலும் காண்ட்ராக்டுக்குப் போய்விட்டன. ஏஜென்சி மாதத்துக்கு மாதம் ஆளை மாற்றுகிறது. நெஞ்சு இழுப்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் அடுத்த மாதம் வேறு கட்டிடத்தில் தரை துடைக்கிறார், இங்கே புதிதாக வந்தவர் மறுபடியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். குழந்தைகள் ஓ.பி.யில் போடுகிற ஆயாம்மாவையும் செக்யூரிட்டியையும் குறைந்தது ஒரு வருஷம் மாற்றக் கூடாது, பயிற்சி எடுத்தவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும், வாசல் மேஜைக்கு ஒரு நர்ஸ் பணியிடத்தை முறைப்படி உண்டாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செலவு அதிகம் என்று ஒரு முறை திரும்பி வந்துவிட்டது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு அந்தக் கடிதத்தோடு பெல் நோட்டையும் எடுத்துப் போகிறேன். ஆயாம்மாவையும் கூட்டிப் போக அனுமதி கேட்டிருக்கிறேன். அன்று தூணோரம் பார்த்ததை அவரே அவர்களிடம் சொல்லட்டும்.